பதினேழாம் எண் வீட்டின் அட்டை

14, லிண்டன் சாலை
4 மார்ச் 1986

அன்புள்ள தெல்மா,

யார் எழுதியது என்று முதலில் கடைசி வரியைத்தான் பார்த்திருப்பாய். நான்தான், ஏவிஸ். பிட்சர் தெரு ஒன்பதாம் எண், டன் வீட்டுப் பெண். நீங்கள் பதினேழாம் எண். பள்ளியில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சு. கல்யாணமாகி ஏவிஸ் பிராம்லி ஆனது உனக்குத் தெரியும். டெனிஸ் இறந்து இரண்டு வருஷமாகிறது. நகராட்சி வீட்டுவசதி வேலையிலிருந்து நானும் போன செப்டம்பரில் ஓய்வு வாங்கிக்கொண்டேன். உன் முகவரியை மீன் ஆலைத் தொழிற்சங்க அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவை இடித்து இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. சின்னப் பிள்ளைகளிடம் பெயரைச் சொன்னால் அப்படியொரு தெருவா என்கிறார்கள். அதனால் கிளை நூலகத்தில் பழைய தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர் செவ்வாய்க்கிழமைகளில் கூடுகிறோம். நினைவுகளைச் சேர்த்து ஒரு புத்தகம் போடப் போகிறோம். தொகுப்பாளர் நான். முன்னுரையில் இருந்து உனக்கு ஒரு பகுதி:

"வறுமை இருந்தது, ஆனால் கதவைப் பூட்டியவர் யாருமில்லை. ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டிலிருந்து சூப் வரும். ஜெர்மன் குண்டுகள் எங்கள் கூரைகளைப் பிடுங்கின, எங்களைப் பிரிக்க முடியவில்லை. நகராட்சியின் இடிப்பு இயந்திரம் பிரித்தது."

எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. இருபத்தொன்றாம் எண் ஹாரி காகன் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

1941 மே மாதக் குண்டுவீச்சுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு உன் அப்பாவின் படம் வேண்டும், மீட்புப் படைத் தலைக்கவசத்தோடு இருப்பது. ஹாரியையும் அவன் அம்மாவையும் இன்னும் நான்கு பேரையும் இடிந்த பதுங்கறையிலிருந்து இழுத்தெடுத்தவர் அவர்தானே. பத்து வயதில் நான் குண்டுக்குப் பயந்து பண்ணை ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தேன், கேள்விப்பட்டதோடு சரி. நீயும் ஒரு பக்கம் எழுதித் தந்தால் பெரிய சந்தோஷம்.

நாம் ஏன் பேசாமல் போனோம் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். வேலை, குடும்பம், காலம். அவ்வளவுதான் இருக்கும்.

அன்புடன்,
ஏவிஸ்


கிரேட்டன் பிளாக் சி, 41
11 மார்ச் 1986

திருமதி பிராம்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முன்னுரையைப் படித்ததும் வாயில் எச்சில் ஊறியது. துப்புவதற்கு.

கதவைப் பூட்டவில்லை, சரி. பூட்டி எதைக் காப்பாற்றியிருப்போம், மூட்டைப்பூச்சியையா? பதினோரு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவே கிடையாது. மழைக்காலத்தில் சுவர்த்தாளை உரித்தால் பின்னால் பூச்சிகள் கருமிளகு கொட்டின மாதிரி அப்பியிருக்கும். அப்பாவின் ரொட்டியில் ஒருநாள் எலிப்புழுக்கை இருந்தது. அதை மட்டும் தட்டிவிட்டுச் சாப்பிட்டார். இதையெல்லாம் உங்கள் முன்னுரையில் காணோம். உங்கள் வீட்டில் இருந்த பூச்சிகள் படித்தவை போலிருக்கிறது.

அடுத்த வீட்டிலிருந்து சூப் வந்ததாம். எங்கள் வீட்டுக்கு இருபத்தொன்றாம் எண்ணிலிருந்து வந்தது மிஸஸ் காகனின் குரல் ஒன்றுதான். "துணிய அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடு தெல்மா. ஒங்க நாத்தத்துல எங்க சட்டையெல்லாம் கெட்டுப்போகுது." அப்பா யாரை இழுத்தெடுத்தார் என்று உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அதே வாயை.

இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். போன நவம்பரில் வீட்டுவசதி அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போனபோது வீடு பார்த்து எழுதிய பழைய அட்டைகளைச் சாக்குச் சாக்காகக் குப்பையில் போட்டார்கள். அங்கே கூட்டிப் பெருக்குகிறவள் ஜோசி, என் எதிர்வீட்டுக்காரி. "பிட்சர் தெருன்னு போட்டிருந்துச்சு தெல்மா, ஞாபகத்துக்கு வச்சுக்குவேன்னு எடுத்தாந்தேன்" என்று பிரியமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். எனக்கு வேண்டாம்.

"எண் 17. ஸ்டேதர்ஸ். தந்தை, மகள். அறைகள்: அசுத்தம். படுக்கை: அருவருக்கத்தக்கது. வாடை: கடுமை. மருத்துவக் காரணம்: (காலி). பரிந்துரை: ஹாலிஃபீல்டின் புது வீடுகளுக்குத் தகுதியில்லை. கிரேட்டன் அடுக்குமாடிகள் போதும். 9.10.1962. ஏ.பி."

நான்கு மாதமாக அந்த ஏ.பி. உங்கள் மேலதிகாரி மிஸ் அமேலியா பர்டெட், நீங்கள் எழுதியதை அலுவலகத்தில் அவள்தான் மாற்றி எழுதினாள் என்று நினைத்து அவளைச் சபித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆறு வருஷம் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கணக்கைக் காப்பியடித்தவள் நான். சுழித்த வால், சாய்ந்த தலை, எதுவும் மாறவில்லை.

படம் கிடையாது. வேண்டுமானால் இந்த அட்டையைப் போடுங்கள்.

தெல்மா ஸ்டேதர்ஸ்


14, லிண்டன் சாலை
20 மார்ச் 1986

அன்புள்ள தெல்மா,

நீ அப்படி 'நீங்கள்' போட்டு எழுதியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அட்டையைப் பற்றி விளக்க வேண்டியது என் கடமை. நான் அப்போது உதவியாளர், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். அறைகளைப் பார்த்து மதிப்பிடுவது மிஸ் பர்டெட், குறித்துக்கொள்வது நான். அவள் சொன்னதைத்தான் எழுதியிருப்பேன். ஆயிரத்து நானூறு வீடுகளை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டியிருந்தது. ஹாலிஃபீல்டில் புது வீடுகள் அதில் பாதிக்குக்கூட வராது. யாருக்கு எது என்று பிரிக்க ஏதோ ஒரு முறை வேண்டாமா? அப்போது எல்லா ஊர்களிலும் அப்படித்தான் செய்தார்கள். இன்று பார்க்கும்போது அந்தச் சொற்கள் கடுமையாகத் தோன்றுகின்றன, ஒத்துக்கொள்கிறேன். அவை யார் மேலும் தனிப்பட்ட வெறுப்பில் எழுதப்பட்டவை அல்ல.

உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

உன் அப்பா காலமானதை நான் பின்னால்தான் அறிந்தேன். பூங்கொத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். அதற்குள் நாளாகிவிட்டது.

படத்தைப் பற்றி இன்னொரு முறை யோசித்துப் பார். அவர் செய்த நல்ல காரியம் இந்தச் சண்டையில் மறைந்துபோகக் கூடாது.

ஏவிஸ்


கிரேட்டன் பிளாக் சி, 41
23 மார்ச் 1986

ஏவிஸ்,

'நீங்கள்' வருத்தமென்றால் எடுத்துவிட்டேன். 'நீ' என்றே கேட்டுக்கொள்.

அவள் சொன்னாள், நீ எழுதினாயா? அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேனடி.

காலை பத்தரை மணி. உங்களுக்காக ஆலையில் அரைநாள் லீவு போட்டிருந்தேன். நாலு மணிக்கே எழுந்து முற்றத்துக் குழாயில் இரண்டு விரிப்பையும் அலசி, தரையைச் சோடா போட்டுத் தேய்த்து, அப்பாவைத் துடைத்து உட்காரவைத்திருந்தேன். என்ன தேய்த்தாலும் ஒரு மணி நேரம்தான். 1941இல் பதுங்கறைச் சுவர் அவர் இடுப்பில் விழுந்தது, ஆறாவது ஆளை வெளியே தள்ளிவிடும்போது. அதற்குப் பிறகு கோலூன்றி நடந்தார். ஆனால் மூத்திரமும் மலமும் அவருக்குச் சொல்லிக்கொண்டு வரவில்லை. நாற்பத்திரண்டு வயது ஆம்பளை. முதல் வருஷம் அதைச் சொல்லாமல் ஈரத்திலேயே கிடப்பார், நான் தூங்கட்டும் என்று. தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. நீ எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவள், அந்த வாடையோடு.

கதவைத் திறந்தேன். நீ நின்றாய். சாம்பல் கோட்டு, கையுறை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "ஏவிஸ்! வாடி உள்ள!" என்றேன். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

நீ என்ன சொன்னாய் தெரியுமா? "காலை வணக்கம். நகராட்சியிலேர்ந்து வர்றோம். வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

வேலைக்காக நடிக்கிறாள், நம்மைக் காப்பாற்றத்தான் நடிக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கண்ணைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. உள்ளே அப்பா உன் குரலைக் கேட்டுவிட்டார். "யாரு, டன் பொண்ணா? வா கண்ணு, எப்படி வளந்துட்டே." நீ அவர் பக்கத்தில் வந்தாய். பென்சில் நுனியால் அவர் போர்வையைத் தூக்கிப் பார்த்தாய். அவர் இரண்டு கையாலும் மடியை மறைத்துக்கொண்டார்.

மிஸ் பர்டெட் அப்போது எங்கே இருந்தாள்? முற்றத்துக் கக்கூஸைப் பார்க்கக் கீழே போயிருந்தாள். வாசலிலேயே நான்தான் அவளுக்கு வழி சொன்னேன். அவள் திரும்பி வந்தபோது நீ எழுதி முடித்து அட்டையை மூடிக்கொண்டிருந்தாய். யாருமே எதுவும் சொல்லவில்லை. நீ எழுதினாய்.

அதன் பலன் இந்த கிரேட்டன். பின்னால் மீன்தூள் ஆலை, முன்னால் கழிவுநீர் நிலையம். நான்காவது மாடி, லிஃப்ட் மூன்று மாதம் ஓடும், ஒன்பது மாதம் நிற்கும். முதல் குளிர்காலத்திலேயே அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் கறுப்பு முளைத்தது. பிளீச்சிங் தண்ணீர் வைத்துத் துடைப்பேன். பத்து நாளில் மயிர் முளைத்த மாதிரி திரும்ப வரும். அவருடைய சட்டையில் வந்தது. பைபிளில் வந்தது. அதைச் சுவாசித்துச் சுவாசித்து 65 பிப்ரவரியில் போனார். கடைசி வாரம் எனக்கு அவர் சொன்னது: "ஜன்னல தொறந்துவிடு தெல்மா, வர்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்." யாரும் வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் மீன்தூள் நாற்றம். அவரைப் பிளாக்கிலிருந்து இறக்கியபோது லிஃப்ட் ஓடவில்லை.

புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டுமாம். உன் மன்னிப்பு அந்தச் சுவரைவிட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தெல்மா


14, லிண்டன் சாலை
14 ஏப்ரல் 1986

தெல்மா,

மூன்று வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக எழுதப்பட்ட கடிதம் ஒவ்வொன்றும் பொய்யாக இருந்தது. இது நன்றாக இருக்காது.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. அவள் கீழேதான் இருந்தாள்.

வேலைக்கு மனுப்போடும்போது என் அப்பா ஜவுளிக்கடை மேலாளர் என்று எழுதியிருந்தேன். பிட்சர் தெருவில் பிறந்தேன் என்று சொல்லவில்லை. டெனிஸின் வீட்டாருக்கே சொல்லவில்லை. அன்று காலை காரில் வரும்போது மிஸ் பர்டெட் சொன்னாள்: "இந்தத் தெருக்காரங்கள எங்க கொண்டுபோய் வெச்சாலும் ஒண்ணுதான், மிஸஸ் பிராம்லி. ஒரு வருஷத்துல அங்கயும் இதே நாத்தம் வந்துடும். நீங்களும் நானும் வளர்ந்த விதம் வேற." நான் தலையாட்டினேன். அடுத்த பத்து நிமிஷத்தில் நீ கதவைத் திறந்து "ஏவிஸ், வாடி" என்கிறாய்.

அவளுக்குக் கேட்டிருக்குமோ என்பதுதான் எனக்கு வந்த முதல் நினைப்பு. உன் அப்பா 'டன் பொண்ணா' என்றபோது அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு உன் அப்பாவின் மேல் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார் என்று.

பிறகு போர்வையைத் தூக்கினேன். எனக்குக் குமட்டியது. என் மேலேயே குமட்டியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒரு தடவை எழுதினேன். கிழித்தேன். அவர் வாடைக்குத்தான் குமட்டியது. ஏழு மாதத்தில் நான் அவ்வளவு சுத்தமானவளாகிவிட்டேன்.

மருத்துவக் காரணத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் 'முதுகெலும்புக் காயம், மீட்புப் பணி, மகள் நன்கு பராமரிக்கிறாள்' என்று எழுதியிருந்தால் ஹாலிஃபீல்டில் தரைத்தள வீடு, தோட்டத்தோடு, உங்களுக்குத்தான் முதலில். எனக்குத் தெரியும். ஆனால் எழுதினால் அவள் கேட்பாள், "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" அதனால் காலியாக விட்டேன். மேலே இருந்த மூன்று சொற்களைத் தேவைக்கு அதிகமாகவே கடுமையாக எழுதினேன், அந்தக் காலியிடம் யார் கண்ணிலும் படாமல் இருக்க.

அது முடிந்து இருபத்தேழு வருஷத்துக்குத் தேவையான பதவி உயர்வெல்லாம் கிடைத்தது என்று எழுத வந்தேன். கணக்கு தப்பு, இருபத்துமூன்று. அதுகூடச் சரியாக எழுத வரவில்லை இன்றைக்கு.

மே 2ஆம் தேதி நூலக அரங்கில் முன்னுரையை எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டும். அதற்குப் பதிலாக அட்டையை வாசிக்கப்போகிறேன், என் பெயரோடு. நீ வந்தாலும் வராவிட்டாலும்.

ஏவிஸ்


கிரேட்டன் பிளாக் சி, 41
17 ஏப்ரல் 1986

வாசித்தால் வாசி. நான் வரமாட்டேன். நீ சுத்தமாவதைப் பார்க்க எனக்கு அரைநாள் லீவு கிடையாது.

தெல்மா


14, லிண்டன் சாலை
4 மே 1986

தெல்மா,

எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வாசித்தேன். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். தேநீரும் சாதிக்காய் கேக்கும் வைத்திருந்தார்கள். அட்டையை முழுதாக வாசித்தேன். ஏ.பி. என்பது நான் என்று சொன்னேன். உன் அப்பாவின் முதுகு எப்படி உடைந்தது, அந்தக் கட்டத்தை ஏன் காலியாக விட்டேன், கிரேட்டன் சுவரில் என்ன முளைத்தது, எல்லாம் சொன்னேன். என்னைக் காறித்துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவகையில் அதற்குத் தயாராக, நல்ல கோட்டு போடாமல் போயிருந்தேன்.

யாரும் துப்பவில்லை. ஹாரி காகன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான்.

"விடு ஏவிஸ், எதுக்கு இப்படி ஒன்னையே போட்டு வருத்திக்கிறே. உள்ளதத்தானே எழுதினே? அந்த வீடு நாறத்தானே செஞ்சுது."

சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புக்கூட இல்லை. வீட்டு விசேஷத்தில் சிரிப்பார்களே, அப்படி. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "எங்கம்மா அந்தப் பக்கமே எங்கள விட மாட்டாங்க" என்றாள். "அவங்க மட்டும் ஹாலிஃபீல்டுக்கு வந்திருந்தா நம்ம கதி என்ன ஆயிருக்கும்?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். உங்கள் வீட்டு நாற்றத்தைப் பற்றித்தான். செவ்வாய்க்கிழமைகளில்கூடத் தெருவைப் பற்றி அவ்வளவு உற்சாகமாக அவர்கள் பேசிக் கேட்டதில்லை.

நான் ஹாரியிடம், "ஒன்ன மண்ணுலேர்ந்து எடுத்தவருடா அவரு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவனுக்கு முகம் சிவந்தது. "அத நான் இல்லன்னு சொன்னேனா? அதுக்குத்தானே படம் கேக்கறோம். நல்ல படமா ஒண்ணு வாங்கிக் குடு. முழுப்பக்கம் போடலாம். மத்த கதையெல்லாம் எதுக்கு, குடும்பங்க படிக்கிற புஸ்தகம்."

பிறகு கேக்கை எடுத்து எனக்கு ஒரு துண்டு கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். பழக்கதோஷம். கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து, குடைகள் வைக்கும் வாளியில் வாந்தி எடுத்தேன்.

நேற்றுத் தொகுப்பாளர் பொறுப்பிலிருந்து விலகக் கடிதம் கொடுத்துவிட்டேன். என் முன்னுரையைத் திருப்பிக் கேட்டேன். அது நன்றாக இருக்கிறது, பெயரில்லாமல் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். என் வாயிலிருந்து போன அந்தச் சூப், கதவு, எல்லாம் அச்சாகப் போகிறது. தடுக்க முடியவில்லை.

உன்னை வந்து பார்க்க வேண்டும். அரைமணி நேரம். அனுமதி கொடு.

ஏவிஸ்


கிரேட்டன் பிளாக் சி, 41
9 மே 1986

ஏவிஸ்,

உனக்கு ஆச்சரியமாக இருந்ததா? எனக்கு அதுதான் ஆச்சரியம். அந்தத் தெருவை நீ ஒரு நாள் பார்த்து அட்டை எழுதினாய். நான் இருபத்தொரு வருஷம் விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு அதன் நடுவே நடந்தேன். ஹாரி என்ன சொல்வான் என்று நீ அரங்குக்குப் போகும் முன்பே நான் சொல்லியிருப்பேன். சின்ன வயதில் என் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தவர்களில் அவன்தான் முதல் ஆள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பயலுக்கு நல்லா மூச்சு வருதுல்ல, அது போதும்" என்றார். அப்பாவுக்குச் சிரிக்க வரும். எனக்கு வராது.

தெருவை இடித்ததற்கு நான் அழவில்லை. இடித்த அன்று வேடிக்கை பார்க்கப் போனேன். எங்கள் அடுக்களைச் சுவர் விழுந்தபோது உள்ளிருந்து பூச்சிகள் புகைபோலக் கிளம்பின. எல்லாம் ஒழிந்தது என்று நினைத்தேன். சுவர்தான் ஒழிந்தது. மிஸஸ் காகன் தன் மூக்கைப் பத்திரமாக ஹாலிஃபீல்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

பார்க்க வேண்டும் என்கிறாய். உன்னைப் பார்த்து எனக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை. நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லக் கேட்கத்தான் வருவாய். முயன்று பார்த்தேன், நேற்று ராத்திரி சாப்பிடும்போது. அந்தப் பென்சில் நுனி நினைவுக்கு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன். இனி முயலமாட்டேன்.

ஆனால் உன்னிடம் ஒன்று இருக்கிறது. எப்படி எழுதினால் எந்த வீடு கிடைக்கும் என்று உனக்குத் தெரியும்.

கிரேட்டனை இடிக்கப் போகிறார்கள். இருபத்துமூன்று வருஷத்தில் அழுகிவிட்டது. மறுபடி வீடு பார்க்க ஆள் வருகிறார்கள், மறுபடி காகிதங்கள். எதிர்வீட்டு ஜோசியைச் சொன்னேனே, அவள் கணவன் லென், இழுவைப்படகில் வேலை பார்த்தவன். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கை. ஒரு பக்கம் அசையாது, பேச்சு வராது. ஜோசி விடியலில் அலுவலகம் கூட்டப் போய் எட்டரைக்கு வருவாள். அதுவரை அவன் அப்படியே கிடப்பான். வீடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை வந்த பெண் வாசலிலேயே நின்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஏழாவது மாடி ஒதுக்கியிருக்கிறார்கள், ஊருக்கு அந்தக் கோடியில். ஜோசி எதிர்த்துக் கேட்டிருக்கிறாள். அதனால் 20ஆம் தேதி பதினொரு மணிக்கு மறுபடி வருகிறார்கள், இந்தத் தடவை மேலதிகாரியும்.

எட்டரைக்கு வா. அவளோடு சேர்ந்து அவனைத் துடை. விரிப்பை மாற்று. டாக்டர் கடிதத்தில் என்ன சொற்கள் இருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் எதை எழுதவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடு. அவர்கள் வரும்போது பக்கத்தில் உட்கார்.

பூ கொண்டுவராதே. கேக் கொண்டுவராதே. என் கதவைத் தட்டாதே.

தெல்மா


14, லிண்டன் சாலை
12 மே 1986

தெல்மா,

வருகிறேன். டாக்டர் கடிதம் வருகைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஜோசியை நாளைக்கே போகச் சொல். அதில் 'படிக்கட்டு ஏற இயலாது' என்று மட்டும் எழுதினால் லிஃப்ட் இருக்கிறதே என்பார்கள். 'தீ விபத்தில் தானாக வெளியேற இயலாது' என்று இருக்க வேண்டும். 'சிறுநீர், மலம் தொடர் கசிவு, தினமும் சலவை, தனிக் குழாய் வசதி அவசியம்' என்பதும். வார்த்தை மாறக் கூடாது.

ஏவிஸ்


கிரேட்டன் பிளாக் சி, 41
6 ஜூன் 1986

ஏவிஸ்,

ஜோசிக்குக் கடிதம் வந்துவிட்டது. தரைத்தளம், இரண்டு அறை, பின்பக்கம் துணி காயப்போட இடம், அவள் அக்கா வீட்டிலிருந்து நாலாவது தெரு. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அந்தம்மா யாரு தெல்மா, தேவதை மாதிரி வந்தாங்க" என்றாள். நான் தேநீர் போட எழுந்தேன். அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான் என்றாலும், அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள்தான் சொன்னாள். மேலதிகாரி உள்ளே வந்ததும் முகத்தைச் சுளித்து, "இதக் கொஞ்சம் சுத்தமா வெச்சிருக்கலாமே" என்றானாம். நீ லென்னுடைய அசிங்கமான விரிப்பை வாளியிலிருந்து எடுத்து அவன் முன்னால் பிடித்து, "இது இன்னிக்கு மூணாவது. நீங்க பதினொண்ணே காலுக்கு வந்தீங்க, பத்தே முக்காலுக்கு மாத்தினோம். இதையும் எழுதிக்குங்க" என்றாயாம். அவன் எழுதிக்கொண்டானாம். ஜோசி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீ கீழே போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதாய். அந்த அழுகையால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்பாவுக்கும் இல்லை. உன் மேல் இன்னும் எனக்கு அருவருப்புத்தான். மறைத்து எழுத மாட்டேன்.

நூலகத்துப் புத்தகம் வந்துவிட்டதாம். கீழ்த்தளத்தில் ஒருத்தி வாங்கியிருக்கிறாள். மே மாதக் குண்டுவீச்சு அத்தியாயத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள், யாரோ ஒரு தலைக்கவசக்காரர், அப்பா இல்லை. 'நம் தெருவின் வீரர்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது மாடியில் 23ஆம் எண்ணில் ஒரு கிழவி இருக்கிறாள், மிஸஸ் ஆப்பில்பி. தனி ஆள், பூனைகள் ஒன்பது. அவள் வீட்டை என் வாயால் சொல்ல மாட்டேன். அவளை அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்குப் பார்க்க வருகிறார்கள். யாரையும் உள்ளே விட மாட்டாள், நீ பேசித்தான் நுழைய வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் துடைக்க வேண்டியிருக்கும்.

ஒன்பது மணிக்கு வா. பழைய உடுப்பாகப் போட்டுக்கொள்.

தெல்மா